சுளகுக்குப் பின்னால்

மும்பையில் நடக்கப்போகும் ஓர் ஏலத்தில் அம்மா விற்பனைக்கு வந்திருக்கிறா என்று மகள் கொழும்பிலிருந்து போனில் சொன்னபோது, நான் குசினியில் இறால் உரித்துக்கொண்டிருந்தேன். "அப்படியா" என்றேன். "அப்பா, நான் சொன்னது விளங்கினதா?" என்று மகள் கேட்டாள். விளங்கத்தான் செய்தது. என் மனைவியை உட்கார வைத்து ஒருவர் கீறிய படம், இந்திய நவீன ஓவியங்களின் ஏலம் ஒன்றுக்கு வந்திருக்கிறது. மிச்ச இறாலையும் உரித்து முடித்துவிட்டுத்தான் கை கழுவினேன்.

மனைவி போய் அப்போது ஒரு வருடம் ஆகியிருந்தது. சிறுநீரக வருத்தம். மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக இழுபட்டு ஒரு நாள் காலையில் போய்விட்டாள். அன்றிலிருந்து எனக்கு எல்லாமே "அப்படியா" தான். செத்த வீட்டுக்கு வந்தவர்கள் என்னைக் கட்டிப்பிடித்து அழுதார்கள். நான் அவர்களுக்குக் கதிரை எடுத்துப் போட்டேன். பல்லுப் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி இருந்தது. தொட்டால் தெரிகிறது, ஆனால் தொடப்படுவது நான் இல்லை. சாப்பாட்டில் உப்பு இருக்கிறதா இல்லையா என்பதுகூட அடுத்தவர் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

அந்தப் படத்தைப் பார்க்க வேண்டும் என்று மட்டும் நினைத்தேன். ஆசை என்று சொல்ல மாட்டேன். மருந்து குடிக்க வேண்டும் என்று நினைப்பது போல ஒரு நினைப்பு. காரணம் இருந்தது. எங்கள் மூத்த பிள்ளைக்குப் படம் கிடையாது. பிறந்த மறுநாளே போய்விட்டான். அவன் இந்த உலகத்தில் இருந்தான் என்பதற்கு எங்காவது ஓர் அடையாளம் இருக்குமென்றால் அது மனைவி அவனைச் சுமந்தபோது கீறிய அந்தப் படத்தில்தான் இருக்க வேண்டும். ஏலம் முடிந்தால் படம் யாரோ ஒரு பணக்காரரின் வீட்டுச் சுவருக்குப் போய்விடும். அதன் பிறகு நான் தேடினாலும் கிடைக்காது.

நான் மண்டூரில் சித்திர வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். சித்திர வாத்தியார் என்றால் ஊரில் ஒரு தனி மரியாதை உண்டு. கோயிலுக்குப் பெயர்ப்பலகை எழுத வேண்டும், பாலர் பாடசாலைச் சுவரில் முயல் கீற வேண்டும் என்றால் மட்டும் ஞாபகம் வரும் மரியாதை. யுத்தநிறுத்தக் காலத்தில் அப்படித்தான் அந்த ஓவியரை என்னிடம் அனுப்பி வைத்தார்கள். சென்னையிலிருந்து வந்தவர். எங்கள் கந்தசுவாமி கோயிலில் வாயைக் கட்டிக்கொண்டு மந்திரமில்லாமல் பூசை செய்கிறார்களாமே, அதைப் பார்க்க வேண்டும் என்று வந்தார். ஊரில் படம் கீறத் தெரிந்தவன் நான் ஒருவன், ஆகவே அவர் என் வீட்டில்தான் தங்க வேண்டும் என்று எல்லோருமாக முடிவெடுத்துவிட்டார்கள். என்னை யாரும் கேட்கவில்லை.

எனக்கும் சந்தோசம்தான். நல்ல மனிதர். தலை நரைத்தவர், சீனியில்லாத பிளேன்டீ குடிப்பவர், வாவி இறால் என்றால் உயிரை விடுபவர். திருவிழா முடிந்தும் போகவில்லை. வாவியைக் கடக்கிற தட்டை மிதவையை நாங்கள் பாதை என்போம். அவர் தினமும் காலையில் துறையடிக்குப் போய் அந்தப் பாதையையும் அதில் ஏறும் சைக்கிள்களையும் மாடுகளையும் கீறிக்கொண்டிருப்பார். ஆனால் ஒரு நாளும் அதில் ஏறியதில்லை. ஏறச் சொன்னால், "எனக்கு நீச்சல் தெரியாதுங்க, வரைய மட்டுந்தான் தெரியும்" என்று சிரிப்பார். அப்போது அவர் பெரிய ஆள் இல்லை. இந்தியாவில் கொஞ்சப் பேருக்கு அவர் பெயர் தெரியும், அவ்வளவுதான்.

வீடு என்னுடையது இல்லை. எங்கள் பக்கத்தில் பெண்ணுக்குக் கல்யாணம் என்றால் வீடும் வளவும் பெண்ணுக்கு. தாய் அதே வளவுக்குள் பின்னால் ஒரு சின்ன வீடு போட்டுக்கொண்டு போய்விடுவா. அப்படித்தான் மாமி பின்வீட்டில் இருந்தா. நான் மாமியின் மகளுடைய வீட்டில் இருந்தேன். ஆகவே முன்வீட்டில் யார் தங்கலாம், எது சமைக்கலாம், எந்தக் கோழி அடை கிடக்கலாம் என்பதெல்லாம் மாமியின் நிர்வாகம். ஓவியரின் டர்பன்டைன் மணம் மாமிக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அவர் சாப்பிட்டுவிட்டு, "அம்மா, உங்க கைக்கு வளையல் போடணும்" என்று ஒரு நாள் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு அவர் சோற்றுக்கு இரண்டு தரம் ஆணம் விழுந்தது.

மனைவி அப்போது ஏழு மாதம். முதல் பிள்ளை. ஓவியர் அவளைக் கீற வேண்டும் என்று என்னிடம் கேட்டார். நான் அவளிடம் கேட்டேன். அவள் மாமியிடம் கேட்டாள். மாமி அடுப்பை விட்டு எழும்பி வந்து வாசலில் நின்றா.

"புள்ளத்தாச்சியப் படம் புடிக்கப்படாது எண்டு உங்களுக்குத் தெரியாதா மருமகன்? கீறிறதும் அதுதான். கண்ணூறு பட்டா ஆர் பதில் சொல்லுற?"

எங்கள் ஊரில் இது புதிய கதை இல்லை. கல்யாண வீட்டு அல்பங்களைப் புரட்டினால், வயிற்றோடு இருக்கிற பெண்கள் எல்லாம் பின்வரிசையில் யாருடைய தோளுக்கோ பின்னால் நிற்பார்கள். தலை மட்டும் தெரியும். எனக்கு இதில் நம்பிக்கையில்லை. ஆனால் மாமியிடம் நம்பிக்கை பற்றிப் பேச எனக்கு வீடு வேண்டும், அது இல்லை. ஓவியர்தான் சமாதானம் சொன்னார். "வயிறு தெரியாம வரைஞ்சிட்டாப் போச்சு. முன்னால எதையாவது புடிச்சுக்கட்டும்." சுவரில் மாட்டியிருந்த சுளகைக் காட்டி, "இந்த முறத்தைப் புடிச்சுக்கட்டுமே" என்றார். மாமி யோசித்தா. வெறுஞ்சுளகு புள்ளத்தாச்சி பிடிக்கக் கூடாது என்று இன்னொரு சட்டம் வந்தது. உள்ளே போய் ஒரு பிடி நெல் கொண்டுவந்து சுளகில் போட்டா. அத்தோடு அனுமதி கிடைத்தது.

அவர் கீறிய நாட்களில் நான் பகலில் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். வரும்போது மனைவி குசினி வாசற்படியில் சுளகை நெஞ்சுக்குக் கீழே பிடித்தபடி இருப்பாள். மாமி தேங்காய் துருவிக்கொண்டு காவல் இருப்பா. முடிந்த படத்தைப் பார்த்து மாமிக்குத்தான் பெரிய நிம்மதி. "இது என்ட மகளே இல்ல. இவளுக்கு என்ன கொக்குக் கழுத்தா? இப்பிடிக் கீறினா ஒரு கண்ணூறும் ஒட்டாது" என்றா. ஓவியர் விழுந்து விழுந்து சிரித்தார். மாரி மழை தொடங்க முந்தி, படத்தைச் சுருட்டிக் குழாயில் போட்டு எடுத்துக்கொண்டு போய்விட்டார். படம் இந்தியாவில் ஒரு கண்காட்சிக்குப் போகும், பிறகு ஒரு பிரதி எடுத்து அனுப்புகிறேன் என்றார். வரவில்லை.

பிள்ளை ஆஸ்பத்திரியில் பிறந்தது. ஆண். கழுத்தில் கொடி சுற்றியிருந்தது என்றார்கள். அன்றிரவு மூச்சு விட்டான், மறுநாள் பொழுதுபட முந்தி விட்டுவிட்டான். ஒரு துண்டுச் சேலையில் சுற்றி என்னிடம் தந்தார்கள். மனைவியின் தம்பியும் நானுமாகக் கொண்டுபோய் அடக்கினோம். பெயர் வைக்கவில்லை. முப்பத்தோராம் நாளில் வைக்கலாம் என்று இருந்தோம். அவன் மூக்கு யாருடையது என்று அன்றைக்குப் பார்த்தேன், இன்றைக்கு எனக்கு ஞாபகமில்லை. மறந்தது பெரிய துக்கமாக இருக்க வேண்டும். அதுவும் இல்லை.

மாமி என்னை நேரே ஒன்றும் சொல்லவில்லை. கோழிக்குச் சொன்னா. விறகுக்குச் சொன்னா. "கண்டவனையும் வீட்டுக்குள்ள எடுத்தா இதுதான்" என்று முற்றம் கூட்டும்போது விளக்குமாற்றுக்குச் சொன்னா. கொடி சுற்றினால் பிள்ளை போகும், அது டொக்டர் சொன்னது, அதற்கும் படத்துக்கும் சம்பந்தமில்லை என்று நான் ஒரு முறை சத்தமாகச் சொன்னேன். "சுளகால மறைச்சும் இப்பிடி ஆகிருக்கு எண்டா அவன்ட கண் எப்பிடிப்பட்ட கண்" என்று மாமி சட்டியைப் பார்த்துச் சொன்னா. இருபது வருடத்துக்கு மேலாக, எங்களுக்குள் எந்தச் சண்டை வந்தாலும் அது அந்த ஓவியரில் வந்துதான் முடியும். மாடு வேலி பாய்ந்த சண்டைகூட.

மனைவி இதில் ஒரு சொல்லும் பேசமாட்டாள். எழும்பிப் போய்விடுவாள். மகள் வயிற்றில் இருந்தபோது அவள் முன்முற்றத்துக்கே வரவில்லை. சொந்தத் தம்பியின் கல்யாணத்துக்குப் போகாமல் அறைக்குள் இருந்தாள். பயந்த சுபாவம் என்று நினைத்தேன். ரீவியில் எங்கேயாவது ஓவியக் கண்காட்சி காட்டினால், "அந்தப் படம் இப்ப எங்க இருக்கும்?" என்று கேட்பாள். நான் தெரியாது என்பேன். ஒவ்வொரு முறையும் முதல் முறை கேட்பது போலவே கேட்பாள்.

பௌர்ணமிப் போயா லீவோடு சேர்த்து மகள் ஊருக்கு வந்தாள். கொழும்பில் விளம்பரக் கம்பனி ஒன்றில் படம் கீறுகிற வேலை அவளுக்கு. ஏலங்களை எல்லாம் பார்க்கிற பழக்கம் அப்படி வந்தது. ஓவியர் செத்து இரண்டொரு வருடத்தில் அவர் படங்களுக்கு வெறி பிடித்த மாதிரி விலை ஏறியிருக்கிறது என்றாள். மடிக்கணினியைச் சாப்பாட்டு மேசையில் வைத்துத் திறந்தாள். படம் இருந்தது. நீளக் கழுத்து, பச்சையும் காவியுமான முகம், ஒரு கண் மட்டும் முழுசாக. நெஞ்சுக்குக் கீழே சுளகு படத்தின் பாதியைப் பிடித்திருந்தது. அதில் மாமி போட்ட நெல், மஞ்சள் புள்ளிகளாக.

பக்கத்தில் ஆங்கிலத்தில் ஒரு கட்டுரை. மகள் வாசித்துச் சொன்னாள். தமிழ்நாட்டுக் கிராமத்துப் பெண் என்று போட்டிருந்தார்கள். அறுவடை முடிந்த நிலத்தின் வெறுமையை அந்தச் சுளகு சொல்கிறதாம். சிதறிக் கிடக்கும் நெல் பசியின் மிச்சமாம். உழைப்பு அந்தப் பெண்ணின் உடம்பையே மறைத்துவிட்டதாம். எழுதியவரைக் குறை சொல்ல முடியாது. நன்றாகவே எழுதியிருந்தார். ஒரு மாமியார் கண்ணூறுக்குப் பயந்து கொடுத்த சுளகு அது என்று மும்பையில் இருப்பவருக்கு எப்படித் தெரியும்? மறைக்கத்தான் கொடுத்தோம். நன்றாக மறைந்திருந்தது.

நான் படத்தைப் பெரிசாக்கிப் பெரிசாக்கிப் பார்த்தேன். சுளகின் பின்னல் ஒவ்வொன்றும் தெரிந்தது. அதற்கு மேல் ஒன்றுமில்லை. அவன் அதற்குப் பின்னால்தான் இருக்கிறான் என்பது எனக்குத் தெரியும், ஆனால் சுளகுதான் இருந்தது. கதவடியில் நின்று உள்ளே ஆள் இருக்கிறதா என்று கேட்கிற மாதிரி இருந்தது. மூடிவிட்டுத் தேத்தண்ணி போடப் போனேன்.

மகள் விடவில்லை. படத்தின் நிலை எப்படி என்று விசாரித்து ஏலக் கம்பனிக்கு ஒரு மின்னஞ்சல் போட்டாள். ஏலம் எடுக்கப்போகிற பெரிய ஆள் என்று நினைத்திருக்க வேண்டும், சேலைக்கடைக்காரன் மாதிரி எல்லாவற்றையும் விரித்துக் காட்டினார்கள். படத்தின் முதுகு, ஓரங்கள், வெடிப்புகள் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு புகைப்படம். கடைசியில் ஒன்று சாம்பல் நிறத்தில் வந்தது. மேலே உள்ள நிறப்பூச்சைத் தாண்டி, அடியில் கரியால் கீறிய கோட்டைக் காட்டும் கமரா ஒன்று இருக்கிறது, அதால் எடுத்தது. நிறம் பூச முந்தி ஓவியர் துணியில் முதல் முதலாகக் கீறியது.

அதில் சுளகு இல்லை.

அவள் குசினிப் படியில் இருந்தாள். கழுத்து அவளுடைய கழுத்துத்தான். மூக்குத்தி இருந்தது. ஒரு கையைப் பின்னால் ஊன்றியிருந்தாள். மற்றக் கை வயிற்றின் மேலே இருந்தது. பெரிய வயிறு, ஒரே கோட்டில், கை நடுங்காமல் கீறியிருந்தார். சுளகு பக்கத்துச் சுவரில் சாய்ந்து கிடந்தது. அவள் வாயைத் திறந்து சிரித்துக்கொண்டிருந்தாள். முன்பல் இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளிகூடத் தெரிந்தது. அவள் அப்படிச் சிரித்ததை நான் கண்டு எத்தனையோ காலம்.

"அம்மா என்ன வடிவா இருக்கிறா" என்றாள் மகள். பிறகு விரலால் வயிற்றைக் காட்டி, "இது அண்ணாவா?" என்று கேட்டாள்.

"ஓம்" என்றேன்.

ஓவியர் முதலில் ஒரு கர்ப்பிணியைக் கீற நினைத்து, பிறகு அந்த எண்ணத்தை விட்டிருக்கிறார், காரணம் தெரியவில்லை என்று கீழே ஒரு குறிப்பு இருந்தது. எனக்குக் காரணம் தெரியும். நான் வீட்டில் இல்லாத நேரத்தில் இவள் சுளகைக் கீழே வைத்துவிட்டு இருந்திருக்கிறாள். அவர் கண்டதைக் கீறியிருக்கிறார். பிறகு மறைக்கச் சொல்லியிருக்கிறாள், அல்லது அவரே மாமிக்கு வாக்குக் கொடுத்ததற்காக மறைத்திருக்கிறார். பிள்ளை போன அன்றிலிருந்து இவள் அதை மனதில் போட்டு மூடிக்கொண்டு இருந்திருக்கிறாள். தன்னால்தான் என்று. அதனால்தான் அறைக்குள் இருந்தாள். அதனால்தான் அந்தப் படம் எங்கே, எங்கே என்று கேட்டாள்.

எனக்குக் கோபம் வந்தது. அவள் செத்த பிறகு எனக்கு வந்த முதல் உணர்ச்சி அதுதான், அதை மறைக்க விரும்பவில்லை. ஒரே பாயில் படுத்தவன் நான். ஒரு நாள், ஒரு பொழுது, "நான் சுளகக் கீழ வெச்சிட்டன்" என்று சொல்லியிருந்தால், அட பைத்தியமே, கொடி சுற்றியதற்குச் சுளகு என்ன செய்யும் என்று சொல்லியிருப்பேன். அவ்வளவுதான் தேவைப்பட்டது. சொல்லாமலே போய்விட்டாள். செத்தவளிடம் போய் எப்படிச் சண்டை பிடிப்பது? முற்றத்தில் போய் நின்றேன். காது இரண்டும் சுட்டது.

ஏலம் சனிக்கிழமை பின்னேரம் நடந்தது. ஏலம் என்றால் எனக்குத் தெரிந்தது இரண்டு. ஒன்று காலையில் துறையடியில் மீன் கூறு போட்டு ஏலம் கூறுவது. மற்றது கோயிலில் சாமிக்குப் படைத்த மாம்பழத்தை ஏலம் விடுவது. இரண்டிலும் சத்தம், பகிடி, கடைசியில் யாராவது கோபித்துக்கொண்டு போவார்கள். இதில் ஒன்றுமில்லை. மடிக்கணினியில் கோட்டுப் போட்ட ஒரு பெண் நின்று மெதுவாகப் பேசினா. இலக்கம் மாறிக்கொண்டே போனது. மாற்றுகிறவர்கள் யாரும் தெரியவில்லை. அந்தப் பெண் சின்ன மரச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினா. முடிந்தது. அடுத்த படம் வந்துவிட்டது. விலையை நான் சொல்லப்போவதில்லை. சொன்னாலும் ஊரில் நம்பமாட்டார்கள், நம்பினால் அதைவிட மோசம்.

மகள் அழுதாள். நான் கொடியில் காய்ந்த உடுப்புகளை எடுத்து மடித்தேன். அவள் அடுத்த நாள் கொழும்புக்குப் போகும்போது அந்தச் சாம்பல் படத்தை என் போனில் போட்டுவிட்டுப் போனாள்.

மனைவி போன பிறகு மாமிதான் எனக்குச் சமைக்கிறா. மீன் வெட்டி, இறால் உரித்துக் கொடுப்பதோடு என் வேலை சரி. பின்வீட்டிலிருந்து சோற்றுக் கோப்பையை மூடிக் கொண்டுவந்து வைப்பா, நான் சாப்பிடும்வரை வாசலில் இருப்பா, கோப்பையை எடுத்துக்கொண்டு போவா. பெரிதாக ஒன்றும் பேசிக்கொள்வதில்லை. ஒரு வளவில் இரண்டு பேர் மீதி, அவ்வளவுதான். ஏலம் முடிந்து சில நாளில், மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டு இருக்கும்போது, ஏதாவது சொல்ல வேண்டுமே என்று நினைத்து, "அந்த ஓவியர் கீறின படம் வித்துப் போச்சு மாமி" என்றேன்.

மாமி வெளியே பார்த்துக்கொண்டு, "அந்த மனிசன வீட்டுக்குள்ள எடுக்காம இருந்திருந்தா..." என்று தொடங்கினா.

நான் சோற்றுக் கையைக் கழுவினேன். போனை எடுத்து அந்தப் படத்தைத் திறந்து மாமியின் மடியில் வைத்தேன். "பாருங்க" என்றேன். "உங்கட மகள் சுளகு புடிக்கல்ல. கீழ வெச்சிட்டு இருந்திருக்கிறா. இருவது வருசமா என்னையும் அந்த மனிசனையும் பேசினீங்களே. பாருங்க."

இதைச் சொன்னபோது என் குரல் உயர்ந்திருந்தது. மாமி கண்ணைச் சுருக்கிப் பார்த்தா. கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோனா. நான் விளங்கப்படுத்த வேண்டியிருக்கவில்லை, உடனே பிடிபட்டுவிட்டது. ஆச்சரியப்படுவா என்று நினைத்தேன். படவில்லை.

"நான்தான் வெக்கச் சொன்னன்" என்றா.

எனக்கு விளங்கவில்லை.

"கை உளையுதும்மா எண்டாள். பாவமா இருந்திச்சு. ஆரும் இல்லதானே, கொஞ்சம் கீழ வெச்சிட்டு இரு எண்டன். வெச்சிட்டு என்னத்துக்கோ சிரிச்சாள். நான் அடுப்பப் பாத்திட்டுக் கிறுகிப் பாக்கக்குள்ள அந்த மனிசன் கீறிட்டார். ஐயா இத மறைச்சிருங்க எண்டு நான்தான் கும்பிட்டுக் கேட்டன். மறைச்சித்தான் தந்தார்." மாமி மூச்சு வாங்கினா. "புள்ள போனதுக்கு மறுகா, உங்களுக்குச் சொல்லப்போறன் எண்டு நிண்டாள். நான் விடல்ல. சொன்னா நீங்க என்ட முகத்தில முழிக்க மாட்டீங்க, என்ன இந்த வளவுக்குள்ள இருக்க விடமாட்டீங்க எண்டு அழுதன். என்ட தலையில அடிச்சிச் சத்தியம் வாங்கினன். அவள் சாகிற மட்டும் சொல்லல்லயே?"

"இல்ல" என்றேன்.

என் கோபம் போவதற்கு இடம் இல்லாமல் நின்றது. இவள் என்னிடமிருந்து மறைத்தாள் என்று நினைத்தேன், தாயை மறைத்திருக்கிறாள். மாமி என்னைப் பேசும்போதெல்லாம் அவள் எழும்பிப் போனது ஏன் என்று இப்போது தெரிந்தது. எழும்பாமல் அங்கேயே இருந்திருந்தால் சொல்லியிருப்பாள். மாமியும் விளக்குமாற்றுக்கும் விறகுக்கும் சொன்னது என்னை இல்லை. என்னைப் பேசிக்கொண்டிருக்கும்வரை தன்னைப் பேசத் தேவையில்லை, அவ்வளவுதான். கொடிதான் மாமி, சுளகு இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். டொக்டர் சொன்னதை மறுபடியும் சொன்னேன். மாமி தலையாட்டினா. நம்பித் தலையாட்டவில்லை என்று தெரிந்தது. மனைவிக்குச் சொல்லியிருந்தாலும் அவளும் இப்படித்தான் தலையாட்டியிருப்பாளோ என்று முதல் முறையாக நினைத்தேன். அந்த நினைப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

மாமி போனில் அந்த வயிற்றை விரலால் தடவினா. தடவியதும் படம் நகர்ந்து ஒரு பக்கத்துக்குப் போனது. நான் நேராக்கிக் கொடுத்தேன். மறுபடி தடவினா, மறுபடி போனது. அப்படியே கொஞ்ச நேரம் போனது. கோப்பையில் சோறு காய்ந்துகொண்டிருந்தது.

"இதக் கடதாசில எடுக்கேலாதா மருமகன்?" என்று கேட்டா.

அடுத்த நாள் காலையில் பாதையில் ஏறி வாவியைக் கடந்து குருமண்வெளியில் இறங்கி, பஸ் பிடித்துக் களுவாஞ்சிகுடிக்குப் போனேன். ஸ்ரூடியோக்காரர் எனக்குத் தெரிந்தவர். மனைவியின் முப்பத்தோராம் நாளுக்கு அவர்தான் படம் போட்டுத் தந்தார். எங்கள் பக்கத்தில் செத்தவர்களின் படத்துக்குக் கீழே பெயரும் பிறந்த திகதியும் போன திகதியும் அடித்துத்தான் கொடுப்பார்கள். போனிலிருந்து படத்தைத் தன்னுடைய கணினிக்கு மாற்றிவிட்டு, "அம்மாதானே சேர்? ஆர் கீறின?" என்று கேட்டார்.

"தெரிஞ்ச ஒராள்" என்றேன்.

"பழைய பைல் இஞ்ச கிடக்கு. பேரும் திகதியும் கீழ அப்பிடியே போடவா?"

"போட வேணாம்."

"ஏன் சேர்? போட்டா வடிவா இருக்கும்."

"இதில ரெண்டாள் இருக்கிறாங்க" என்றேன். "ஒராளுக்குப் பேர் வெக்கல்ல."

அவர் என்னைப் பார்த்துவிட்டுத் திரையைப் பார்த்தார். படத்தைக் கொஞ்சம் பெரிசாக்கினார். அந்தக் கை, அதற்குக் கீழே வயிறு. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. வெளியே பஸ் ஒன்று ஹோன் அடித்தது. பெயர் எழுதுகிற அந்தப் பெட்டியை அழித்துவிட்டு, என் பக்கம் திரும்பாமலே கேட்டார்.

"சின்னனா எடுக்கவா சேர், பெரிசா எடுக்கவா?"

"பெரிசா எடுங்க" என்றேன். "எல்லாரும் பாக்கக் கூடியதா."